நிழலக்காவும் கவிழ்ந்த குரூசரும்

முதலில் பொருளை மறைத்துவிடுவார். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு அட்டைத் துண்டு. திரையில் எது கண்ணை இழுக்கிறதோ அதன் மேல் அட்டையை வைத்து மூடிவிட்டு, பின்னால் நீண்டு கிடக்கும் நிழலை மட்டும் பார்ப்பார். தலை ஒரு பக்கம் சாயும். எதையோ மெல்லுவதுபோல உதடுகள் அசையும். பிறகு தீர்ப்பு வரும்: "நங்கூரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாற்காலி. எவனோ படகுலேருந்து தூக்கி வீசியிருக்கான். ஒரு கால் இல்ல, அதான் வீசியிருக்கான்."

துறைமுக அளவைக் கூடத்தில் அவருக்குப் பெயர் நிழலக்கா. சம்பளப் பதிவில் வேறு பெயர் உண்டு; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. கடலடித் தரையின் படங்களைப் படித்து, அங்கே கிடப்பது என்ன என்று சொல்வது அவர் வேலை. ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். குட்டையான உருவம், காதோரம் நரை. மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். கண்ணுக்கு இறக்கினால் ஏதோ சிக்கல் என்று பொருள்.

தொழில் கேட்பதற்கு எளிது. அளவைப் படகின் பின்னால் கம்பிவடத்தில் கட்டிய ஒரு கருவி நீருக்குள் இழுபட்டுப் போகும். படகுக்காரர்கள் அதை மீன் என்கிறார்கள். அந்த மீன் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டே போகிறது. மனிதக் காதுக்கு எட்டாத கத்தல். கல்லோ இரும்போ எதிர்ப்பட்டால் கத்தல் திரும்பி வரும். அந்தப் பொருளின் முதுகுக்குப் பின்னால் கத்தல் போய்ச் சேராது. அங்கே மௌனம். அந்த மௌனம்தான் நிழல். "பொருள் பொய் சொல்லும். மண்ணு மூடியிருக்கும், வலை சுத்தியிருக்கும், மேலெல்லாம் சிப்பி ஒட்டியிருக்கும். நிழலுக்கு வேஷம் போடத் தெரியாது" என்பது அவர் கட்சி.

ஆனால் அவர் திரையில் நிழல் கறுப்பாக இருக்காது. வெள்ளையாக இருக்கும். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது திரை கிடையாது, காகிதச் சுருள்தான். எதிரொலி பலமாக வந்த இடத்தில் ஊசி காகிதத்தைக் கருக்கும். மௌனமான இடம் கருகாமல் வெள்ளையாக நிற்கும். பிறகு வந்த திரைகள் இதைத் தலைகீழாக்கின. எதிரொலி வெளிச்சம், மௌனம் இருட்டு. கூடத்தில் எல்லோரும் மாறிக்கொண்டார்கள். நிழலக்கா மட்டும் தன் திரையைப் பழைய காகிதம்போலவே திருப்பி வைத்துக்கொண்டார். "எனக்குச் சத்தம் கறுப்பாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் அறைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிடுவார்கள். ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புச் சாயம். உள்ளே ஒரே வெளிச்சம் திரை. அதில் கன்னங்கரிய பாறைகள், அவற்றின் பின்னே பால் கொட்டியதுபோல வெள்ளை நிழல்கள், மேலிருந்து கீழாக மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். குரலை உயர்த்தி உள்ளே வந்தவர்களும் இரண்டாவது வாக்கியத்தில் தணிந்துவிடுவார்கள்.

அவர் கணவர் கட்டட வேலையில் கம்பி கட்டுபவர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் இரும்புக் கம்பிகளை வளைத்துப் பின்னி நிறுத்துகிற தொழில். விருந்தாளி யாராவது வந்தால் அவர் சொல்லும் ஒரே நகைச்சுவை இது: "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனேன். நான் அவ மூஞ்சியைப் பாத்தேன், அவ எனக்குப் பின்னாடி இருந்த செவுத்தைப் பாத்தா." நிழலக்கா சிரிக்காமல் பதில் சொல்வார்: "செவுத்துல பாத்துத்தான் சம்மதிச்சேன். மூஞ்சியைப் பாத்திருந்தா யோசிச்சிருப்பேன்."

கடலடியில் அவருக்குத் தெரிந்த ஊர் ஒன்று இருக்கிறது. எந்த உடைந்த கப்பல் எங்கே, எந்தக் கல் எந்த நிழலோடு கிடக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. அந்த ஊரின் பெரிய வீடு, துறைமுக வாய்க்கு வெளியே ஆழத்தில் குப்புறக் கிடந்த ஒரு நீளமான கப்பல். பழைய போரில் மூழ்கியது. மூழ்கும்போதே கவிழ்ந்துவிட்டதால் பீரங்கிகளும் மேல்தளமும் மண்ணுக்குள். மேலே தெரிந்தது அடிவயிறு மட்டும். அது என்ன கப்பல் என்று யாரும் முறையாகத் தீர்மானித்திருக்கவில்லை. வரைபடத்தில் "சிதைவு" என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

அதை ஒட்டிப் பேய்க்கதை இல்லாமல் இருக்குமா? காற்றில்லாத மதியங்களில் அந்தப் பக்கம் போனால் படகின் அடிப்பலகை வழியாக இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். டொக் என்று ஒன்று. நீண்ட இடைவெளி. மறுபடி ஒன்று. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் கதவைத் தட்டுகிறார்கள் என்றார் ஒருவர். நிழலக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கக்கூட இல்லை. "செத்தவன் தட்ட மாட்டான். பழைய இரும்பு தளரும்போது சத்தம் போடும். போய் வேலையைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். பேயை மறுத்தது சரி. ஆனால் பேய் இல்லை என்று சொல்லிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. அங்கேதான் அது ஆரம்பிக்கிறது. பேய் தட்டவில்லை என்றால் வேறு யார் தட்டியது? அதை அவர் அன்றைக்குக் கேட்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் டிரைவர் வந்து சேர்ந்தார். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபதைக் கடந்தவர், நிமிர்ந்த முதுகு. அறை வாசலில் நின்று இடது வலது பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "தொழில் பழக்கம், தங்கச்சி. தப்பா நினைக்காதீங்க." அவர் கைக்குழந்தையாக இருக்கும்போது அவருடைய அப்பா அந்தக் கப்பலில் போனவர். கடற்படை ஆள் அல்ல. கொதிகலன் அறையில் ஆள் குறைந்தது என்று துறையிலேயே பிடித்து ஏற்றிய கூலி. கப்பல் மூழ்கிய பிறகு கடற்படை முற்றத்தில் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். அதிகாரிகள், மாலுமிகள், சமையல்காரர் வரை பெயர்கள். கடைசி வரியில் "மற்றும் சிலர்". துறையில் பிடித்த கூலிகள் அத்தனை பேரும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிட்டார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவன் பெயரை மட்டும் கல் தாங்காது போலிருக்கிறது.

"கல்லுல பேர் வேணாம், தங்கச்சி. அதுக்கு எங்கம்மா அலைஞ்சு அலைஞ்சே போயிட்டாங்க. அவர் படுத்திருக்கற எடத்துல யாரும் கை வைக்காம இருந்தாப் போதும். ஏதோ பழைய கப்பல்களையெல்லாம் ஏலம் விடப் போறாங்கன்னு காதுல விழுந்துச்சு."

விழுந்தது உண்மைதான். சட்டம் சொல்வது இது: மூழ்கிக் கிடப்பது போர்க்கப்பல் என்றால் அது கல்லறை, தொடக்கூடாது. வியாபாரக் கப்பல் என்றால் இரும்பு, ஏலம் விடலாம். கூடத்தின் மேலாளர், எப்போதும் சட்டைப் பையில் மூன்று பேனாவோடு திரியும் மெல்லிய மனிதர், அதைப் பழைய நீராவிச் சரக்குக் கப்பல் என்று எழுதிக் கோப்பை மூடிவிடப் பார்த்தார். "எதுக்கு மேடம் வம்பு? குப்புறக் கிடக்கு. பீரங்கி தெரியல. பீரங்கி தெரியாதவரைக்கும் அது சரக்குக் கப்பல்."

"பீரங்கி தெரியலன்னா மறைஞ்சிருக்குன்னு அர்த்தம் சார். இல்லன்னு அர்த்தம் இல்ல."

டிரைவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேலாளர் போனதும் கேட்டார்: "எங்கம்மா அதை லைட் குரூசர்னு சொல்லுவாங்க. லைட்டுன்னா என்ன, சின்னக் கப்பலா?"

நிழலக்காவுக்கு இதைவிடப் பிடித்த கேள்வி இல்லை. கிழிசல் கிழிசலாகக் கப்பல் புத்தகங்களை வாங்கிப் படித்து வைத்திருப்பவர். திரையை ஓடவிட்டபடியே ஆரம்பித்தார். "பாய்மரக் காலத்துலேருந்து வரணும்ண்ணே. பெரிய கப்பலுங்க சண்டைக்கு வரிசை கட்டி நிக்கும். சின்னதா வேகமா இருக்கறது மட்டும் தனியா ஊர் சுத்தும். எதிரி எங்க இருக்கான்னு மோப்பம் பிடிச்சுட்டு ஓடி வந்து சொல்லணும். வியாபாரக் கப்பலுக்குத் துணை போகணும். குரூசர்ன்னா ஊர்சுத்தி."

"நம்ம டவுன் பஸ் மாதிரி."

"ஆமா. ஆனா சுடுவாங்க."

"டவுன் பஸ்லயும் கல்லெறிவாங்க."

"அப்புறம் நீராவி வந்துச்சு, இரும்பு வந்துச்சு. கவசம் போட்டாகணும். போட்டா கனம். கனமானா ஓட முடியாது. ஓட முடியலன்னா ஊர்சுத்திக்கு என்ன வேலை? அதனால பக்கவாட்டுல ஒண்ணும் போடாம, உள்ளுக்குள்ள ஒரு தளத்தை மட்டும் ஆமையோடு மாதிரி வளைச்சு இரும்புல போட்டாங்க. கொதிகலன் எல்லாம் அதுக்குக் கீழ."

"அப்பாவும் அதுக்குக் கீழயா?"

"அதுக்குக் கீழதான்ண்ணே." திரையைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "பின்னாடி டர்பைன் எஞ்சின் வந்து, எண்ணெய் எரிக்க ஆரம்பிச்சு, எஞ்சின் கனம் குறைஞ்சதும், வேகம் போகாம பக்கவாட்டுலயும் மெல்லிசா ஒரு கவசம் மாட்ட முடிஞ்சுது. கவசம் உண்டு, ஆனா லேசு. அதுதான் லைட் குரூசர். அதோட விட்டாங்களா? பெரிய நாடுகள்லாம் மேஜை போட்டு உக்காந்து ஒப்பந்தம் எழுதினாங்க. பீரங்கி வாய் ஆறங்குலமும் துளியும் இருந்தா லைட்டு. அதுக்கு மேல போனா ஹெவி. கப்பல் எவ்வளவு பெருசுங்கறது கணக்கே இல்ல. லைட்டும் பத்தாயிரம் டன் இருக்கலாம், ஹெவியும் பத்தாயிரம் டன் இருக்கலாம். வாயை வெச்சு ஜாதி பிரிச்சாங்க, உடம்பை வெச்சு இல்ல. ஒரு நாட்டுக்காரன் லைட்டுன்னு கட்டிட்டு, அப்புறம் பீரங்கியைக் கழட்டிப் பெருசா மாட்டிக்கிட்டான். அதே உடம்பு, மறுநாள் ஹெவி."

டிரைவர் விரலால் மேலே காட்டினார். "அப்போ லைட்டு, ஹெவின்றதெல்லாம் மேல்தளத்துல நிக்கறவங்களுக்குத்தான். கீழ இருக்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே சூடு."

நிழலக்கா வேலையில் இறங்கினார். தன் பழைய படங்களை எல்லாம் விரித்தார். சரக்குக் கப்பலுக்கு வயிறு பெருத்திருக்கும். சாமான் நிரப்ப வேண்டுமே. இது கத்தி. நீளம் அகலத்தைப் போல ஏறக்குறையப் பத்து மடங்கு. பின்பக்கம் கப்பலைத் தள்ளும் நான்கு உந்துவிசிறிகளுக்கான நான்கு தண்டுகள். பக்கவாட்டில் மெல்லிய படிபோல ஓடும் விளிம்பு. கவசம் முடிகிற இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, கவிழ்ந்தபோது கழன்று விழுந்த ஒற்றைப் பீரங்கிக் குழாய், கப்பலுக்குப் பக்கத்து மணலில். அட்டையால் குழாயை மறைத்துவிட்டு அதன் நிழலின் நீளத்தை அளந்தார். குழாயின் நீளம் வாயின் அகலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆறங்குல வகை. லைட் குரூசர்.

மேலாளர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் விளக்கம் கேட்டது. விளக்கம் போனது. இன்னொரு விளக்கம் கேட்டது. கோப்பு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்தப் பருவம் முழுவதும் துறைமுக வாய்க்கு வெளியே, முன்பே வந்துவிட்டிருந்த தூர்வாரும் தெப்பங்கள் சில நின்றன. துறைமுகத்தில் தூர்வாரும் தெப்பம் நிற்பது ஒரு செய்தியா? யாரும் கேட்கவில்லை.

கடைசியில் ஒருநாள் ஒப்புக்கொண்டார்கள். போர்க்கப்பல்தான், லைட் குரூசர்தான். தற்போதைய நிலையைக் காட்டும் ஒரு புதுப் படம் மட்டும் இணைக்க வேண்டும் என்றார்கள். கூடத்தின் படகு பழுதில் இருந்ததால் வெளி ஆட்கள் எடுத்துவந்த படம் ஒன்று வந்தது. நிழலக்கா திரையில் போட்டார். நீளமாக, கன்னங்கரேலென்று கப்பல். அதன் பின்னே வெள்ளை நிழல். டிரைவருக்கு அப்போதே தொலைபேசியில் சொன்னார்: "இருக்கார்ண்ணே. உங்கப்பா பத்திரமா இருக்கார்." "சரி தங்கச்சி" என்று மட்டும் அந்தப் பக்கம் கேட்டது.

படத்தைக் கோப்பில் இணைப்பதற்கு முன் ஓரங்களை வெட்டிச் சீர்செய்வது வழக்கம். மதியச் சாப்பாடு முடிந்து வந்து, அதைச் செய்ய உட்கார்ந்தார். படத்தின் மூலையில் ஒரு கான்கிரீட் கட்டை. மிதவையைக் கட்டிவைக்கக் கூடமே இறக்கியது. இறக்கியபோது அவரும் படகில் இருந்தார். அந்தக் கட்டை தரையில் நிற்கிறது; அதில் ஐயமே இல்லை. ஆனால் படத்தில் அது முதலில் வெள்ளையாகவும் பிறகு கறுப்பாகவும் இருந்தது.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

நிற்கிற பொருள் முதலில் கத்தலைத் திருப்பும், அப்புறம் நிழல். அவர் கணக்கில் முதலில் கறுப்பு, அப்புறம் வெள்ளை. பள்ளம் அப்படியல்ல. பள்ளத்தின் இந்தக் கரை கத்தலுக்கு முதுகைக் காட்டுகிறது, அங்கே மௌனம். அந்தக் கரைதான் முகத்தைக் காட்டிக் கத்துகிறது. அவர் கணக்கில் முதலில் வெள்ளை, அப்புறம் கறுப்பு. அப்படியென்றால் இந்தக் கட்டை பள்ளமா? தானே இறக்கிய கட்டை எப்படிப் பள்ளமாகும்?

ஆகாது. படம்தான் வேறு கணக்கில் இருந்தது. அது வெளி ஆட்கள் ஏற்கெனவே அச்சாக்கிக் கொடுத்த படம். அவர்கள் முறையில் எதிரொலி வெளிச்சம், மௌனம் இருட்டு. அவருடைய திரை அதைத் திருப்பவில்லை. அவர் மனம்தான் திருப்பிப் படித்தது. சரி, கட்டை நிற்கிறது. வெளிச்சம் முதலில், இருட்டு பிறகு. அப்படியென்றால், அதே படத்தில் இருட்டு முதலிலும் வெளிச்சம் பிறகும் வருகிற அந்த நீளமான உருவம்?

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணெதிரே இருந்த கப்பல் ஒரு கோடுகூட மாறவில்லை. கூரிய மூக்கு, மெலிந்த இடுப்பு, பின்பக்கத்து வளைவு. எல்லாம் அப்படியே இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்பக்கமாகக் குழிந்தது. மேடு என்று நினைத்ததெல்லாம் பள்ளம். கப்பல் இல்லை. கப்பல் அளவுக்கு, கப்பல் வடிவத்துக்கு, ஒரு குழி இருந்தது.

படகு சரியானதும் அவரே ஏறிப் போனார். நல்ல வெயில். எண்ணெய் தடவியதுபோல அலையில்லாத கடல். மீனை இறக்கி, அந்த இடத்தின் மேல் ஒரு தடவை போய் ஒரு தடவை வந்தார்கள். தட்டுகிற சத்தம் எதுவும் இப்போது இல்லை. படகுத்திரையில் குழி ஊர்ந்து வந்தது. சேறு ஒரு அச்சுப் போல அந்த உடம்பை வாங்கி வைத்திருந்தது. கவச விளிம்பு அழுந்திய கோடுகூட இருந்தது. மணலில் கிடந்த பீரங்கிக் குழாயும் போய்விட்டிருந்தது. அது கிடந்த நீளத்துக்கு ஒரு பள்ளக்கோடு.

"அப்போ அந்தச் சத்தம்?" என்றார் படகோட்டி.

"கொடுக்குதான்" என்றார் நிழலக்கா. தெப்பத்திலிருந்து நண்டுக்கொடுக்கு போன்ற இரும்புக் கைகளை இறக்கி, கப்பலை வாய்வாயாகக் கடித்து எடுத்திருக்கிறார்கள். டொக். நீண்ட இடைவெளி. மறுபடி டொக். கடித்தது மேலே போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வர ஆகும் நேரம்தான் அந்த இடைவெளி. "பேய்னு நீங்க சொன்னீங்க. இல்லன்னு நான் சொன்னேன். ரெண்டு பேருமா சேர்ந்து திருடனுக்குக் காவல் இருந்திருக்கோம்."

அன்று வீட்டில் கணவரிடம் கேட்டார்: "ஏங்க, பழைய கப்பல் இரும்பு எங்க போகும்?"

"உருக்குவாங்க. கம்பியா இழுப்பாங்க." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். பிறகு பிசைவது நின்றது. "ஏன், எந்தக் கப்பல்?"

நிழலக்கா சொன்னார். கணவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். கம்பி கட்டிக் கட்டிக் காய்த்துப்போன விரல்கள். "இந்தப் பருவம் கம்பி நல்லா வந்துச்சு. இழுத்தா இழுத்த பக்கம் வளைஞ்சுச்சு. ஆஸ்பத்திரிப் புது மாடி முழுக்க அதான் கட்டினோம்" என்றார்.

மேலாளருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வேலை மிச்சம் என்ற முகம். "கோப்பை மூடிடலாம் மேடம். கப்பலே இல்ல. தூர்வாரின மண்ணைக் கொட்ட நமக்கு எடம் வேணும், ரெடிமேடா ஒரு பள்ளம் இருக்கு. இல்லாத கப்பலுக்கு இனம் எதுக்கு?"

"கொடுக்குல அள்ளினது மேல வந்ததும் என்ன பண்ணியிருப்பாங்க சார்?"

"இரும்பை எடுத்துக்கிட்டிருப்பாங்க."

"இரும்பு இல்லாததை?"

மேலாளர் பேனாவை மூடித் திறந்தார். "திரும்ப உள்ளயே தள்ளியிருப்பாங்க."

"அதான். கப்பலைத்தான் எடுத்துட்டாங்க. ஆளுங்க அங்கதான் இருக்காங்க. அவங்க மேல மண்ணு கொட்டக் கூடாது." அவர் குரல் உயரவில்லை. "வகை, லைட் குரூசர். நிலை, கப்பல் களவு போனது; கல்லறை இருக்கிறது. இப்படித்தான் எழுதப் போறேன். நான் படத்தைத் தலைகீழாப் படிச்சதையும் எழுதப் போறேன். எழுத ஆரம்பிச்சா ஒரு தப்போட நிக்காது சார். கோப்பு மாடியில சுத்தினப்ப தெப்பத்துக்கு அனுமதி யார் புதுப்பிச்சுக் கொடுத்தாங்கன்னும் கேட்டு எழுதுவேன்."

மேலாளர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு முதல் இரண்டு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அனுமதியைப் பற்றிய கேள்வி மேலே போயிருக்கிறது; விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு வந்துவிட்டது. மண் கொட்டும் இடம் தள்ளிப்போனது. நினைவுக்கல்லில் "மற்றும் சிலர்" அப்படியேதான் இருக்கிறது. திருடியவர்கள் தெப்பத்தோடு வேறு கடலுக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் கப்பல்கள் மூழ்கியிருக்கும், அங்கேயும் கோப்புகள் மாடி ஏறிக்கொண்டிருக்கும்.

டிரைவர் வந்த அன்று நிழலக்கா அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டார். எதையும் மழுப்பவில்லை. கப்பல் இல்லை என்றார். பத்திரமாக இருக்கிறார் என்று தான் சொன்னது பொய்யாகிப் போனது என்றார். தான் எப்படித் தவறினார் என்பதைத் திரையில் காட்டினார்: ஒரு பொத்தானை அமுக்கினால் கப்பல், இன்னொரு தடவை அமுக்கினால் குழி. கீழே போனவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், இனி யாரும் கை வைக்க முடியாது என்றும் சொன்னார்.

டிரைவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்த மொதல் மாதிரி இன்னொரு தடவை மாத்துங்க, தங்கச்சி."

"அது பொய்ண்ணே."

"தெரியுது." அவர் தலையசைத்தார். "சரி, வேணாம். கொதிகலன் ரூம் எங்க வரும்?"

நிழலக்கா கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து குழியின் மூக்கிலிருந்து அளந்து, அதன் நடுவில் ஒரு இடத்தைத் தொட்டார். அங்கே ஒன்றும் இல்லை. இருட்டு சற்றே ஆழமாக இருந்ததோ என்னவோ. டிரைவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு, ஆயுள் முழுவதும் சக்கரம் பிடித்த அந்தப் பெரிய கையை எடுத்து, விரல்களைச் சேர்த்து, அந்த இடத்தின் மேல் மெல்ல மூடினார். தூங்குகிறவர் முகத்தில் வெயில் படாமல் மறைக்கிற மாதிரி. கையை எடுக்கவே இல்லை.

நிழலக்கா எட்டி, திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.